அப்பாவுக்குக் கொள்ளி வைக்க அண்ணன் வராத காரணம்

அண்ணன் இல்லாத முதல் ஆண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இப்படிப்பட்ட கட்டுரையில் மறைந்தவரின் நல்ல குணங்களை எழுதுவதுதான் வழக்கம். என் அண்ணனுக்கும் நல்ல குணங்கள் உண்டு, எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அண்ணனைப் பற்றித் தெரிந்த ஒரே செய்தி, பெற்ற தகப்பன் சாவுக்குக்கூட வராமல் ஜப்பானில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர் என்பதுதான். கல்யாண வீடுகளில் என் காதுபடவே பேசியிருக்கிறீர்கள். அது எப்படி நடந்தது என்று ஒளிவு மறைவு இல்லாமல் எழுதச் சொன்னவர் எங்கள் அம்மா. எழுதி முடித்ததும் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியைக்கூட எடுக்கச் சொல்லவில்லை.

அண்ணன் பிறந்தபோது அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு லாரி ஓட்டினார். நான் பிறக்கும் சமயத்தில்தான் புக்கிட் மேராவில் வீடு கிடைத்தது. எனக்கும் அண்ணனுக்கும் எட்டு வயது வித்தியாசம். அதனால் அவர் எனக்குப் பாதி அப்பா மாதிரி. பள்ளிக்குக் கூட்டிப்போவது, தலை பின்னிவிடுவது, கணக்கு தப்பாகப் போட்டால் தலையில் குட்டுவது எல்லாம் அவர்தான்.

உயர்நிலைப் பள்ளியில் காற்பந்துக் குழுவில் இடம் கிடைக்காமல்தான் அண்ணன் சாஃப்ட்பால் பக்கம் போனார். அங்கிருந்து பேஸ்பாலுக்கு. இந்த விளையாட்டைப் பற்றி நம் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாதிப் பேர் இன்றைக்கும் அதைக் கிரிக்கெட் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் நின்ற இடத்துக்கு ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மட்டையில் பட்ட பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு வரும். குனிந்து கிளவ்வில் வாங்கி, நிமிர்வதற்குள் எறிந்துவிட வேண்டும். பந்து மண்ணில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணனின் விரல்களில் பாதி கோணலாகத்தான் இருக்கும். முன்பல் ஒன்று பொய்ப்பல்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கும். அதனால் பல மாடிக் கார்நிறுத்தத்தின் மேல்தளத்துக்குப் போய், சுவரில் பந்தை எறிந்து எறிந்து திரும்பி வருவதைப் பிடிப்பார். எதிரில் குடியிருந்தவர்கள் புகார் சொன்னார்கள். அப்பா போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்துப் போகச் சொல்லி அண்ணனிடம் கண் சிமிட்டினார். போட்டி நடக்கும் நாளில் அப்பா லாரியைச் சாலையோரம் போட்டுவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். ஓடுவது நம்ம ஆளா அவங்க ஆளா என்று கடைசிவரை அவருக்குக் குழப்பம்தான். அண்ணன் பந்தைப் பிடித்தால் மட்டும் தெரியும். கை தட்டுவார்.

தேசிய சேவை முடித்து, பாலிடெக்னிக் படிப்பும் முடித்த பிறகு, இங்கே ஒரு பேஸ்பால் கிளப்புக்குப் பயிற்சி கொடுத்த ஜப்பானியர் ஒருவர் அண்ணனைத் தன் நாட்டில் நடந்த ஆள் தேர்வுக்கு அனுப்பினார். தேர்வாகிவிட்டார். பெரிய லீக் இல்லை. வெளியூர்களில் நடக்கும் சின்ன லீக். ஆனால் தொழில்முறை ஆட்டம், சம்பளம் உண்டு. படித்த பையனை வேலைக்கு அனுப்பாமல் பந்து பொறுக்க அனுப்புகிறாயா என்று சொந்தத்தில் எல்லாரும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, போய்ப் பார்க்கட்டும், முடியலைன்னா வரப்போறான், வீடு எங்கயும் ஓடிப்போயிடாது என்று சொல்லி முடித்துவிட்டார்.

முதல் இரண்டு ஆண்டுகள் அண்ணன் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். குளிர், புரியாத பாஷை, குழுவில் தனி ஆளாக ஒரு கறுத்த முகம். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்குப் போன் செய்வார். கஷ்டத்தை அம்மாவிடம் சொல்ல மாட்டார், அப்பாவிடம் மட்டும் சொல்வார். மூன்றாம் ஆண்டு, ஆட்டப் பருவம் முடியப் போகும் நேரத்தில், குழுவின் முதல் ஷார்ட்ஸ்டாப்புக்குக் கை மணிக்கட்டு முறிந்தது. அந்த இடம் அண்ணனுக்கு வந்தது. பருவம் முடியும்வரை ஒரு ஆட்டமும் விடாமல் நின்று காட்டினால் அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். அந்த ஞாயிறு அப்பாவுக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. மறுநாள் கடையில் சீன முதலாளியிலிருந்து டீ கொண்டுவரும் ஆள்வரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

அதே வாரம் அப்பா லாரியிலிருந்து சாமான் இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மறுநாள் காலை மருத்துவமனையில் போய்விட்டார்.

இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். வைத்தவன் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை வீட்டை விட்டுப் போகக் கூடாது. அண்ணன் வந்தால் அப்படி இருந்தாக வேண்டும். இருந்தால் அந்த இடம் போய்விடும், ஒப்பந்தம் போய்விடும். மருத்துவமனையின் தாழ்வாரத்தில், அப்பாவின் உடலை இன்னும் கீழே கொண்டுவராத நேரத்தில், அம்மா இதையெல்லாம் யோசித்து முடிவெடுத்துவிட்டார். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா அண்ணனுக்குப் போன் போட எடுத்தார். அம்மா அந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவன்கிட்ட சொல்லாத. ஆட்டம் முடியட்டும். அந்த மனுஷன் ஆசைப்பட்டது நடக்கட்டும்."

அப்பாவே போன பிறகு அவர் ஆசை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று மாமா கேட்டார். அண்ணனுக்குச் சொல்லுங்கள் என்று நானும் அழுதேன். பள்ளிச் சீருடையில் நின்ற என்னை அம்மா கன்னத்தில் அறைந்தார். என்னை அவர் அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அதற்கு மேல் மாமா போனைத் திருப்பிக் கேட்கவில்லை.

சொந்தக்காரர்களுக்கு உண்மை தெரிந்தால் யாராவது ஒருவர் அண்ணனிடம் சொல்லிவிடுவார்கள் இல்லையா? அதனால் உங்களிடம் அம்மா வேறு கதை சொன்னார். மகனுக்குச் சொல்லியாச்சு, ஆட்டத்தை விட்டு வர முடியவில்லையாம் என்றார். நீங்கள் நம்பினீர்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தார். மண்டாய் தகனச்சாலையில் நின்றுகொண்டு பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி, அப்பன் பெருசா, பந்து பெருசா என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் எழுத வேண்டும். மணி அடித்தால் அம்மா ஓடிப்போய் எடுப்பார். அப்பா எங்கே என்று அண்ணன் கேட்பார். கோயிலுக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார், தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒன்று. நெற்றியில் பொட்டில்லாமல் நின்றுகொண்டு, குரலில் ஒரு நடுக்கம் காட்டாமல் பேசுவார். பக்கத்தில் நின்றால் நான் கத்திவிடுவேன் என்று என்னை அறைக்குள் போகச் சொல்லிவிடுவார். அப்பா என்மேல் கோபமாக இருக்கிறாரா என்று ஒரு நாள் அண்ணன் கேட்டாராம். அம்மா, கோபமெல்லாம் இல்லப்பா, நீ நல்லா ஆடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டப் பருவம் முடிந்து அண்ணன் வந்தார். விமான நிலையத்துக்கு மாமாவும் நானும் போனோம். வீட்டில் வைத்து நான்தான் சொல்வேன் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒப்பந்தம் கிடைத்துவிட்டது, இதை அப்பாவிடம் நேரில் சொல்லத்தான் போனில் சொல்லவில்லை என்று டாக்சியில் அண்ணன் சொன்னார். மாமா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக் கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் அப்பா படம், மாலை, எரிகிற விளக்கு. அம்மா வெறும் நெற்றியோடு அதன் கீழே நின்றார்.

அண்ணன் கத்தவில்லை. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "யாரு கொள்ளி வச்சது?" என்று மட்டும் கேட்டார். சொன்னோம். என்றைக்கு என்று கேட்டார். அதையும் சொன்னோம். அந்த நாளை அவர் மனத்துக்குள் தேடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அன்றைக்கு என்ன தேடினார் என்று என்னிடம் சொன்னார்.

"அன்னிக்கு நல்லா ஆடினேன் பாப்பா. ஜெயிச்சோம். அப்பா மண்டாயில எரிஞ்சுகிட்டு இருந்த நேரம் நான் டீம் பஸ்ஸுல பாட்டுப் பாடிகிட்டு இருந்தேன்."

அண்ணன் வந்திருப்பது தெரிந்து அந்த வாரமே பெரியப்பா வீட்டுக்கு வந்தார். பெரியம்மா, சித்தப்பா என்று ஹால் நிறைய ஆட்கள். இப்பத்தான் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா என்று ஆரம்பித்து, பெரியப்பா பேசாத பேச்சில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அதற்குள் அண்ணன் எழுந்து பெரியப்பாவின் காலில் விழுந்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க பெரியப்பா. வர முடியல. தப்பு என்னோடதுதான்."

அவர்கள் போன பிறகு அண்ணன் அம்மாவையும் மாமாவையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னது இதுதான்: தாலி அறுத்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண்ணை இந்தக் கூட்டம் கிழித்துத் தொங்கப் போட்டுவிடும், எனக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை, நான் வெளியூரில் இருப்பவன், திட்டினாலும் காதில் விழாது, இதோடு விட்டுவிடுங்கள். சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் உயிரோடு இருந்தவரை நாங்கள் அதை மீறவில்லை.

அவர் மீண்டும் ஜப்பான் போனார். அப்பனை முழுங்கிவிட்டு மறுபடி பந்துக்குப் போகிறான் பார் என்று நீங்கள் சொன்னீர்கள். இதற்காகத்தானே அப்பாவின் முகத்தைப் பார்க்க விடாமல் செய்தார்கள், பாதியில் விட்டால் அதுவும் வீண்தானே என்று அண்ணன் என்னிடம் சொன்னார். மேலும் நான்கு ஆண்டுகள் ஆடினார். பெரிய லீக் அவரைக் கூப்பிடவில்லை. கடைசி ஆண்டில் ஒரு பந்து மண்ணில் பட்டு எகிறி இடது கண்ணில் அடித்தது. கன்ன எலும்பு உடைந்தது. பார்வை பாதிதான் திரும்பியது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஷார்ட்ஸ்டாப்பில் நிற்க முடியாது. வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்த பிறகு பகலில் கூரியர் வேன் ஓட்டினார், மாலையில் பள்ளிகளில் பேஸ்பால் சொல்லிக் கொடுத்தார். தன்னிடம் படித்த பிள்ளைகளை அவர் ஒருபோதும் திட்டியதில்லை. பயிற்சிக்கு வந்த பிள்ளையின் வீட்டிலிருந்து அவசரம் என்று போன் வந்தால், அதே நிமிடம் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவார். போட்டியின் நடுவில்கூட அப்படிச் செய்து, ஒரு பள்ளியில் அதனால் மனக்கசப்பு ஏற்பட்டது. அவர் கேட்கவில்லை.

ஃபேரர் பார்க்கில் ஒரு குடும்பத்தில் பெண் பார்த்தோம். அந்தப் பெண்ணுக்கு அண்ணனைப் பிடித்திருந்தது. தேதிவரை வந்துவிட்டது. அதற்குள் நம் ஆட்களில் ஒருவர் போய், தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வராதவன் உங்கள் மகளை எப்படி வைத்துக் காப்பாற்றுவான் என்று கேட்டுவிட்டார். யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார், பிழைத்துப் போகட்டும். நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை.

இவ்வளவு செய்தவர் அம்மாவை மன்னித்துவிட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போவார், தேக்கா சந்தையில் அவருக்குப் பிடித்த மீனாகப் பார்த்து வாங்கி வருவார், தைப்பூசத்துக்குக் கூட்டத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். ஆனால் சுவரில் அப்பா படத்தைப் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு அம்மாவிடம் தானாக ஒரு செய்தி சொன்னதில்லை. கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் இல்லை. வேலை மாறியது, பள்ளியில் பரிசு கொடுத்தது, வேனில் அடிபட்டது எல்லாவற்றையும் அம்மா என் மூலமாகத்தான் தெரிந்துகொள்வார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை ஆண்டும் அப்படியே நடந்தது. அம்மாவுக்கு அது புரிந்திருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறை சொன்னதில்லை.

கணையத்தில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது அண்ணனோடு நான்தான் இருந்தேன். முற்றிவிட்டது, சில மாதங்கள்தான் என்றார்கள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்ததும், அம்மாவிடம் சொல்லாதே என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மறைச்சு மறைச்சு இந்த வீடு நாசமாப் போனது போதும்லா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அவர் சொல்லவில்லை. அன்று மாலையே நான் சொல்லிவிட்டேன். அம்மா அழவில்லை. எழுந்து போய் அண்ணனின் அறை வாசலில் நின்றார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடைசி வாரங்கள் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில். வலிக்கு மருந்து கொடுத்தால் தூங்குவார், கொடுக்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். பந்தைப் பிடித்த அந்தக் கோணல் விரல்களால் ஒரு கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. அம்மா தினமும் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் நான் இருக்கும்போதே கேட்டார். "உங்கிட்ட அன்னிக்குச் சொல்லியிருக்கணும்ப்பா. என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுவியா?" அண்ணனுக்கு நல்ல நினைவு இருந்தது. அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தார். நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை, கீழே போய்ச் சாப்பிடுங்கள் என்றார். அம்மா இன்னொரு தரம் கேட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். அவருக்கு வயது நாற்பத்தொன்று.

புளோக்கின் கீழே உடலை வைத்திருந்தோம். அவரிடம் பயின்ற பிள்ளைகள், சீனர், மலாய்க்காரர், நம் ஆட்கள், ஆட்டச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரத்தில் நம் சொந்தத்திலேயே ஒரு குரல், அப்பனுக்கு வராதவனுக்கு வந்த கூட்டத்தைப் பாரு என்றது. அம்மா எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அவனுக்குத் தெரியாது. அவங்கப்பா செத்தது அவனுக்கு யாரும் சொல்லல. நான் சொல்ல விடல. உங்ககிட்ட எல்லாம் பொய் சொன்னது நான். என்னைக் காப்பாத்த அவன் பழியை வாங்கிக்கிட்டான். பேசணும்னா இனிமே என்னைப் பேசுங்க."

மின்விசிறிச் சத்தத்தில் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கொள்ளி வைத்து இரண்டு முறையும் மகன் கடமையைச் செய்த சித்தப்பா மகனுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இரவு பகல் பார்க்காமல் அண்ணனைக் குளிப்பாட்டித் துடைத்த தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்கும், ஜப்பானிலிருந்து வந்து உடலுக்கு முன்னால் தலை குனிந்து நின்ற பழைய குழு நண்பருக்கும், வாக்குக் கொடுத்ததைக் காப்பாற்றிய மாமாவுக்கும் எங்கள் நன்றி. அண்ணனின் மாணவர்கள் பந்தலில் நாற்காலி போடுவதிலிருந்து கடைசிப் பாத்திரம் கழுவும்வரை நின்றார்கள். அவர்கள் தமிழ் படிக்க மாட்டார்கள். யாராவது சொல்லுங்கள்.

பதினாறாம் நாள் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் பெரியப்பா மட்டும் போகவில்லை. எண்பதைத் தாண்டிவிட்டார், கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. அண்ணன் படத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அழுதுகொண்டே சொன்னார்.

"என் கால்ல வந்து விழுந்தானே. செய்யாத தப்புக்கு எங்கிட்ட மன்னிப்பு கேட்டானே. நான் இப்ப யார்கிட்ட போய்க் கேக்கிறது?"

அம்மா இலையைக் கீழே வைத்தார்.

"நான் அவன்கிட்டயே கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். அவன் சொல்லல."